அடுப்பங்கரைக் கணக்கும் கொத்தனார் பாஷையும்



நம் குழுக்களில் வீட்டு வேலைக்காகக் கடன் வாங்குகிறோம். தீர்மான நோட்டில் 'வீடு பழுது பார்க்க' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்காரரும் கொத்தனாரும் ஆசாரியும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். நாம் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்போம். அவர்கள் பேசுகிற 'டேடோ', 'ரன்னிங் அடி', 'ஷட்டர்', 'ட்ராப்' எல்லாம் நம் காதில் விழும், ஆனால் புரியாது. தவணை கட்டுவது நாம். அந்த அடுப்பங்கரையில் விடிகாலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்பதும் நாம்தான். அதனால் இந்த இதழில் சமையலறை வேலையில் அடிக்கடி வருகிற சொற்களைப் படிப்போம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, தங்கள் வீட்டு அடுப்பங்கரையை மனதில் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு அளவு டேப்பும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எவ்வளவு இடம்?

அரசு வீட்டுத் திட்டங்களிலேயே அடுப்பங்கரைக்கு இடம் சொல்லப்பட்டிருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் அளவு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. சுத்தமாகச் சமைப்பதற்கென்று ஒதுக்கிய இடமும் அதற்குள் வர வேண்டும். தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் சமையலறையும் சேர்த்து 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்டது. இவ்வளவு சின்ன வீட்டில் அடுப்பங்கரைக்கு 7 அடிக்கு 8 அடி கிடைத்தாலே பெரிசு.

சின்ன இடம் என்றால் மோசமான இடம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனி நாட்டில் பிராங்க்பர்ட் என்ற ஊரில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டினார்கள். 1926-ல் அந்த வீடுகளுக்கு அடுப்பங்கரை வடிவமைத்தவர் ஒரு பெண். மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்று பெயர். அந்த அடுப்பங்கரையின் அகலம் சுமார் 6 அடி 3 இஞ்ச், நீளம் 11 அடிக்குச் சற்று மேல். ரயில் வண்டியில் சமையல் பெட்டி எப்படி நெருக்கமாக இருந்தும் வேலை ஓடுகிறது என்பதை அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஒரு பெண் எத்தனை எட்டு வைக்கிறாள், எத்தனை தடவை குனிகிறாள் என்று பார்த்து, எட்டுகளைக் குறைக்கிற மாதிரி எல்லாவற்றையும் அடுக்கினார். இன்றைக்கு 'மாடுலர் கிச்சன்' என்று நகரத்துக் கடைகளில் விற்பதற்கெல்லாம் அதுதான் மூத்த அக்காள்.

எட்டுகளைக் குறைக்கிற இன்னொரு யோசனையை 'வேலை முக்கோணம்' என்கிறார்கள். பொருள் வைக்கிற இடம், கழுவுகிற இடம், அடுப்பு, இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அந்தக் கோடுகள் ரொம்ப நீளமாக இருந்தால் நமக்குக் கால் வலி. ரொம்பக் குறுகி, சிங்குக்கு ஒட்டியே அடுப்பு இருந்தால் தண்ணீர் தெறித்து எண்ணெய்ச் சட்டியில் விழும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை, இரண்டு அடி மேடை விட வேண்டும். அந்த இடத்தில்தான் காய் நறுக்குவோம். நம் ஊரில் மீன் கழுவி, வெட்டி, சட்டியில் போடுகிற வரிசையும் அதுதானே.

மேடையின் வடிவத்துக்கும் பெயர் உண்டு. ஒரே சுவரை ஒட்டி இருந்தால் 'நேர் மேடை'. இரண்டு சுவரை ஒட்டி மூலையில் திரும்பினால் 'எல் மேடை'. எதிர் எதிர்ச் சுவரில் இருந்தால் 'பேரலல்'. மூன்று சுவரிலும் இருந்தால் 'யூ'. அறையின் நடுவில் தனியாக நிற்பதை 'ஐலண்டு', தீவு என்பார்கள். நம் வீட்டுக்கு அது ஆகாது, அதை விட்டுவிடுவோம். 7 அடிக்கு 8 அடி அறைக்கு எல் மேடைதான் பெரும்பாலும் பொருந்தும். பேரலல் போட்டால் நடுவில் மூன்று, நாலு அடிதான் மிஞ்சும். மைனியும் நாமும் ஒரே நேரத்தில் நின்றால் முட்டிக்கொள்வோம்.

மேடை உயரம்: முழங்கையைக் கேளுங்கள்

நம் அம்மாக்கள் தரையில் உட்கார்ந்து சமைத்தார்கள். அடுப்பு, அம்மி, ஆட்டுரல் எல்லாம் தரையில்தான். நின்று சமைக்க ஆரம்பித்த பிறகு மேடை வந்தது. ஆனால் அந்த மேடை யாருடைய உயரத்துக்குக் கட்டப்படுகிறது? பல வீடுகளில் கொத்தனார் தன் இடுப்பை வைத்துக் குத்துமதிப்பாகக் கட்டிவிட்டுப் போகிறார். அவர் ஐந்தே முக்கால் அடி. நாம் ஐந்தடி. பிறகு இருபது வருஷம் தோள் வலி என்று தைலம் தேய்க்கிறோம்.

உயரம் பார்க்கச் சுலபமான வழி உண்டு. செருப்பில்லாமல் நேராக நில்லுங்கள். கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் அளந்து, அதில் 4 அல்லது 5 இஞ்ச் கழியுங்கள். அதுதான் உங்கள் மேடை. ஐந்தடி உயரமுள்ளவருக்கு முழங்கை சுமார் 37, 38 இஞ்ச் வரும். மேடை 33 இஞ்ச் போதும். நாலு அடி பத்து இஞ்ச் உள்ளவருக்கு 32. நகரத்து அளவு என்று 34, 35 வைத்தால் நமக்குக் கை தூக்கியே இருக்கும்.

இதில் இன்னொரு விஷயம். 33 இஞ்ச் மேடை மேல் ஸ்டவ் ஒரு 5 இஞ்ச், அதன் மேல் சோற்றுப் பானை 8 இஞ்ச் என்றால் பானை வாய் 46 இஞ்சில் நிற்கும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஸ்டவ் வைக்கிற பகுதியை மட்டும் 3, 4 இஞ்ச் தாழ்த்திக் கட்டலாம். மேல் கல் இரண்டு துண்டாக வரும், செலவு கொஞ்சம் கூடும். பெரிய பானையில் சமைக்கிற கூட்டுக் குடும்பத்துக்கு இது பிரயோஜனம். இரண்டு, மூன்று பேர் உள்ள வீட்டுக்குத் தேவையில்லை.

மேடை வேலையில் வருகிற சொற்கள்: மேலே போடுகிற கல் 'கவுண்டர் டாப்' அல்லது 'மேல் சிலாப்'. கிரானைட், கடப்பா என்று இரண்டு வகை நமக்குப் பழக்கம். கிரானைட் பொதுவாக 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம். 15 மில்லிமீட்டர் என்று மெலிசாகவும் வருகிறது. மேலே வைத்த பிறகு விளிம்பு தெரிவதால் கனம் கண்டுபிடிக்கலாம். ஆனால் சில இடங்களில் விளிம்பில் மட்டும் இன்னொரு பட்டை ஒட்டி, கல் கனமாக இருப்பது போல் காட்டுவார்கள். அதற்கு 'டபுள் மோல்டிங்' என்று பெயர். அழகுக்காகச் செய்வதுதான், ஏமாற்று இல்லை. நாம் கேட்டுச் செய்தோமா, கேட்காமலே பில்லில் வந்ததா என்பதுதான் கேள்வி. கடப்பா கல் விலை குறைவு. புளி, எலுமிச்சை பட்டால் வெளுக்கும். கீழ்த் தட்டுக்குக் கடப்பா, மேலே கிரானைட் என்று போட்டுக்கொள்வது நல்ல யோசனை.

மேடையின் ஆழம், அதாவது நம் வயிற்றிலிருந்து சுவர் வரைக்கும், இரண்டடி. மேடைக்கு மேலே சுவரில் ஒட்டுகிற ஓடு 'டேடோ'. எண்ணெயும் மஞ்சளும் சுவரில் பிடிக்காமல் இருக்கத்தான். இரண்டடி உயரம் போதும், அடுப்புக்குப் பின்னால் மட்டும் கூட வைக்கலாம். தரையோரம் சுவரின் அடியில் ஓடுகிற 4 இஞ்ச் பட்டை 'ஸ்கர்ட்டிங்'. தரை துடைக்கும்போது சுவர் அழுக்காகாது. மேலே சாமான் போடுகிற பரண்தான் 'லாஃப்ட்'. கதவு, ஜன்னல் தலைக்கு மேல் போகிற கான்கிரீட் பட்டை 'லின்டல்'. பரண் பெரும்பாலும் அந்த மட்டத்தில், சுமார் 7 அடியில் வரும்.

மேடைக்குக் கீழே, தரையை ஒட்டி நம் கால் விரல் நுழைய ஒரு உள்வாங்கல் விடுவார்கள். 4 இஞ்ச் உயரம், 3 இஞ்ச் ஆழம். அதற்கு 'டோ கிக்' என்று பெயர். இல்லாவிட்டால் மேடையிலிருந்து தள்ளி நின்று, முன்னால் குனிந்தே வேலை செய்வோம். செலவே இல்லாத விஷயம். கட்டும்போது வாய் திறந்து சொன்னால் போதும்.

அங்கணம் சிங்க் ஆன கதை

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாத்திரம் கழுவ, கை கழுவ ஒரு அங்கணம் இருக்கும். தரையில் ஒரு மூலை, சின்னத் திண்டு, வெளியே போக ஒரு துவாரம். அந்தத் துவாரம் வழியே எலியும் பூரானும் உள்ளே வரும், நாற்றமும் வரும். சிங்க் வந்ததும் இந்தத் தொல்லை தீர வேண்டும். பல வீடுகளில் தீரவில்லை. காரணம் ஒரு சின்ன வளைவு.

சிங்கின் அடியில் பொருத்துகிற ஜாலி மூடிக்கு 'வேஸ்ட் கப்ளிங்' என்று பெயர். அதிலிருந்து குழாய் நேராக வெளியே போனால் சாக்கடைக் காற்று அதே வழியில் திரும்பி வரும். குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும்படி செய்தால் அந்தத் தண்ணீரே காற்றுக்கும் பூச்சிக்கும் தடை. இதுதான் 'ட்ராப்'. வளைவாக இருந்தால் 'பி ட்ராப்', குப்பி மாதிரி இருந்தால் 'பாட்டில் ட்ராப்'. சமையலறைக்கு நாம் வளைவு ட்ராப்பையே சொல்வோம். பாட்டில் ட்ராப்பில் சோறும் மீன் செதிலும் சீக்கிரம் அடைக்கும். வீட்டில் நெளி குழாய் மட்டும் மாட்டியிருந்தால், அதையே ஒரு வளைவு போட்டுக் கம்பியால் கட்டி வைத்தாலும் ஓரளவு தடுக்கும்.

வெளியே போகிற குழாய்க்கு 'வாட்டம்' வேண்டும். சரிவு என்பதைத்தான் கொத்தனார் வாட்டம் என்கிறார். அடிக்குக் கால் இஞ்ச் சரிவு, அதாவது 4 அடிக்கு ஒரு இஞ்ச். வாட்டம் குறைந்தால் கொழுப்பு தங்கி அடைக்கும். மேடைக் கல்லுக்கும் சிங்க் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு வாட்டம் கேளுங்கள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் ஸ்டவ் பக்கம் போனால் வாட்டம் தலைகீழ்.

சிங்க் எவர்சில்வரில் வாங்குகிறோம். கடையில் 202, 304, 316 என்று எண் சொல்வார்கள். அது எஃகின் ரகம். 304-ல் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். 202-ல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. மதுரையில், கோவையில் இருப்பவருக்கு 202 தாங்கலாம். அமலி நகர், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று கடலைப் பார்த்து வீடு வைத்திருக்கிற நமக்கு அது சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். உப்புக் காற்று எஃகையும் தின்னும். 316 உப்பைத் தாங்குகிற ரகம்தான், ஆனால் விலை அதிகம். 304 கேட்டு வாங்கினால் போதும். பில்லிலும் '304' என்று எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஃகு என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

குழாய் வகைகளும் குழப்பும். சுவரில் நீட்டிக்கொண்டிருந்தால் 'பிப் காக்'. மேடையில் நின்றால் 'பில்லர் காக்'. அன்னம் மாதிரி கழுத்து வளைந்து, இரண்டு பக்கமும் திரும்பினால் 'ஸ்வான் நெக்'. குடம் வைத்துப் பிடிக்கிறவர்களுக்கு உயரமான ஸ்வான் நெக் வசதி. சிங்குக்கு அடியில் தண்ணீரை நிறுத்தச் சின்னக் குழாய் ஒன்று வைப்பார்கள், அது 'ஆங்கிள் காக்'. அது இருந்தால் மேல் குழாய் பழுதானாலும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. உவர் தண்ணீர் வருகிற வீடுகளில் குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். வாய்ப் பகுதியைக் கழற்றிக் கழுவ முடிகிற குழாயாகப் பார்த்து வாங்குங்கள். சுவருக்குள்ளே குழாயைப் புதைப்பது 'கன்சீல்'. அதற்குச் சுவரில் வெட்டுகிற பள்ளம் 'காடி'. பூசி மூடுவதற்கு முன்னால் தண்ணீர் விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். பூசின பிறகு பார்த்துப் பயனில்லை.

பலகை: 2023 மழை கற்றுக்கொடுத்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஒரு வருஷத்தில் பெய்கிற மழை ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனது. தாமிரபரணி கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு அடுப்பங்கரைகளில் எது நின்றது, எது போனது என்று பார்த்தால் பலகைகளின் வித்தியாசம் தெரியும். செங்கல் கால் வைத்து, கடப்பா தட்டுப் போட்ட மேடையை அலசிவிட்டுத் திரும்பப் புழங்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை உப்பி, பொரி உருண்டை மாதிரி உதிர்ந்துவிடும். அதை எத்தனை வெயிலில் காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

கடையில் எல்லாவற்றையும் 'ப்ளைவுட்' என்றே சொல்வார்கள். உண்மையில் பல வகை. மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியதுதான் ப்ளைவுட். மரத் துகளைப் பசையோடு அழுத்தியது 'பார்ட்டிக்கிள் போர்டு'. மர நாரை மாவு மாதிரி ஆக்கி அழுத்தியது 'எம்.டி.எஃப்.'. மேலே பளபளப்பான தாள் ஒட்டிவிட்டால் மூன்றும் ஒன்று போல இருக்கும். வெட்டின ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளைவுட். கரடுமுரடாகத் துகள் தெரிந்தால் பார்ட்டிக்கிள் போர்டு. ஓரமே தெரியாமல் பட்டை ஒட்டியிருந்தால் (அதற்கு 'எட்ஜ் பேண்டிங்' என்று பெயர்) கீல் மாட்டத் துளை போட்ட இடத்தில் பார்க்கலாம்.

ப்ளைவுட்டிலும் ரகம் உண்டு. 'எம்.ஆர்.' என்று முத்திரை இருந்தால் ஈரக் காற்றைத் தாங்கும் என்றுதான் அர்த்தம், தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. இதை வைத்துத்தான் "வாட்டர் ப்ரூஃப்தாம்மா" என்று தள்ளிவிடுவார்கள். தண்ணீரில் ஊறினாலும் ஒட்டு விடாத ரகத்துக்கு 'பி.டபிள்யூ.பி.' அல்லது 'மரைன்' என்று பெயர். அதற்கு ஐ.எஸ். 710 என்ற தர எண், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு பலகையிலேயே அச்சாகியிருக்கும். சிங்குக்கு அடியில் வைக்கிற பெட்டிக்கு இது இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அல்லது சிங்குக்கு அடியில் பெட்டியே வேண்டாம், திறந்தே கிடக்கட்டும். திரை போட்டுக்கொள்ளலாம். கசிவு வந்தால் கண்ணுக்குத் தெரியும், கரப்பானும் குடியேறாது. எங்களைக் கேட்டால் இதுதான் எங்கள் வோட்டு.

அலுமினியம், பி.வி.சி. பலகையிலும் பெட்டி செய்கிறார்கள். இரண்டும் தண்ணீரில் ஊறாது. பி.வி.சி. சூடு தாங்காது, ஸ்டவ்வை ஒட்டி வைக்கக் கூடாது.

பெட்டி வேலையில் இன்னும் சில சொற்கள். பெட்டியின் உடம்புக்கு 'கார்கஸ்', முன் கதவுக்கு 'ஷட்டர்'. விலை சொல்லும்போது ஷட்டர் மட்டும் நல்ல பலகை, கார்கஸ் துகள் பலகை என்று செய்வதுண்டு. அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மேல் தாள் 'லேமினேட்'. நாம் எல்லாரும் மைக்கா என்போம். கீழ்ப் பெட்டி 'பேஸ் யூனிட்', சுவர்ப் பெட்டி 'வால் யூனிட்'. இழுப்பறை ஓடுகிற தண்டவாளம் 'சேனல்'. கீல், சேனல், திருகு எல்லாம் சேர்த்து 'ஹார்டுவேர்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். நம் கடற்கரையில் முதலில் துருப்பிடிப்பது அந்த வரிதான். அதை எவர்சில்வரில் கேளுங்கள்.

கேஸ், கரண்ட், காற்று

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், தரையில் நிற்க வேண்டும். ஸ்டவ் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கிற ஆரஞ்சு ரப்பர் குழாயின் பெயர் 'சுரக்ஷா'. உள்ளே கம்பி வலை இருக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி குழாயிலேயே இருக்கும். அதைச் சுவருக்குள் புதைப்பதோ, மறைவான இடத்தில் சுற்றி விடுவதோ தப்பு.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரிப் படரும். அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டிக்குக் கதவு போட்டால், கதவின் அடிப்பாகத்தில் ஜாலி ஓட்டை வைக்க வேண்டும். ஆசாரிமார் அழகுக்காக மேலே வைப்பார்கள். "அண்ணாச்சி, ஓட்டையைக் கீழே போடுங்க" என்று நாம்தான் சொல்ல வேண்டும். வாடை வந்தால் லைட்டையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கரண்டில் 'பாயிண்ட்' என்றால் ஒரு பிளக் அல்லது லைட்டுக்கான இடம். சின்ன பிளக் 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் மாட்டினால் உருகும். மேடையில் ஒரு பெரிய பாயிண்டாவது வேண்டும். மிக்சி, கிரைண்டர் பாயிண்டுகள் மேடைக்கு மேலே, சிங்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். 2023 மழையை நினைத்துப் பாருங்கள், தரையோரம் பிளக் வேண்டவே வேண்டாம். மூன்றாவது துளை 'எர்த்'. ஈரக் கையோடு நாம் தொடுகிற வீட்டில் எர்த் கம்பியும், ஷாக் அடித்தால் உடனே கரண்டை வெட்டுகிற 'ஆர்.சி.சி.பி.'யும் உயிர் காக்கிற சாமான்கள். 'எம்.சி.பி.' வேறு. அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

புகை வெளியேற என்ன வழி? விறகடுப்புக்குப் புகைக்கூண்டு. கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும், கரி அடைக்காமல் துடைக்க வேண்டும். கேஸ் அடுப்புக்கு மேல் மாட்டுகிற மின் 'சிம்னி' வேறு சாமான். வெளியே குழாய் விட்டது 'டக்ட்' சிம்னி. குழாய் இல்லாதது காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும், சூடும் ஈரமும் அப்படியே இருக்கும். கடையில் 1000, 1200 என்று இழுக்கும் திறன் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்பது அது. 7 அடிக்கு 8 அடி, 10 அடி உயர அறையில் மொத்தமே 16 கன மீட்டர் காற்றுதான். மணிக்குப் பதினைந்து தடவை மாற்றினாலும் 240. ஒரு 9 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் இதைச் செய்துவிடும். ஃபேனை அடுப்புக்குப் பக்கத்தில், சுவரின் உச்சியில் வையுங்கள். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வழி இருக்கட்டும். அடுப்புக்கு நேர் பின்னால் ஜன்னல் வைத்தால் கடல் காற்றிலும் ஆடிக் காற்றிலும் தீ அணையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கணக்கு: இதைக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்

'ரன்னிங் அடி' என்றால் நீளம் மட்டும். 'சதுர அடி' என்றால் நீளத்தை அகலத்தால் பெருக்கியது. கல் சதுர அடியில் வரும். விளிம்பைத் தேய்த்து உருட்டுகிற 'மோல்டிங்' ரன்னிங் அடியில் வரும். சிங்குக்கு ஓட்டை போடுவது எண்ணிக்கையில் வரும். மூன்றும் மூன்று வரி.

எல் மேடை ஒன்று எடுத்துக்கொள்வோம். ஒரு சுவர் 8 அடி, இன்னொரு சுவர் 7 அடி, ஆழம் 2 அடி. எட்டிரண்டு பதினாறு, ஏழிரண்டு பதினாலு, மொத்தம் 30 சதுர அடி என்று சொல்லுவார்கள். கேட்டால் சரி போலத்தான் இருக்கும். ஆனால் மூலையில் உள்ள 2 அடிக்கு 2 அடி இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டது. சரியான அளவு 16-ம், 5 அடி இரண்டால் 10-ம் சேர்த்து 26 சதுர அடி. கல் விலை சதுர அடி 200 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாய் வித்தியாசம். வெட்டுச் சேதாரம் உண்டு என்றால் அதைச் சேதாரம் என்றே தனியாக எழுதட்டும்.

பெட்டி வேலையில் இது இன்னும் பெரிய தொகை. பெட்டிக்கு முன்பக்கச் சதுர அடியில் விலை சொல்வார்கள். முன்பக்கம் என்பது நாம் நிற்கிற பக்கம். அதே எல் மேடையில் நாம் நிற்கிற பக்கம் 6 அடியும் 5 அடியும், மொத்தம் 11 அடிதான். சுவர்ப் பக்கம் அளந்தால் 15 அடி. உயரம் இரண்டரை அடி என்றால் ஒன்று 27.5 சதுர அடி, மற்றது 37.5 சதுர அடி. சதுர அடி 1000 ரூபாய் என்று வைத்தால் பத்தாயிரம் ரூபாய். நம்மில் பலருக்கு அது ஆறு மாசத் தவணை. "உள் அளவா, வெளி அளவா?" என்ற ஒரு கேள்வி போதும். மூலைப் பெட்டிக்குக் கூடுதல் வேலை உண்டு என்பது உண்மைதான். அதற்குத் தனி விலை தனி வரியில் வரட்டும்.

டேடோவுக்கு மட்டும் சுவர் அளவுதான் சரி. 15 அடி நீளம், 2 அடி உயரம், 30 சதுர அடி. உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 33. ஓடு 12 இஞ்சுக்கு 18 இஞ்ச் என்றால் ஒன்று ஒன்றரை சதுர அடி. 22 ஓடு வேண்டும். ஓடு பெட்டிக் கணக்கில்தான் வரும், மிஞ்சினதை எடுத்து வையுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

வேலை ஆரம்பிக்கும் முன் இந்த அளவுகளையும் கல்லின் கனம், பலகையின் ரகம், எஃகின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். பணத்தை மூன்று, நாலு தடவையாகக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்த அன்று சிங்கை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரே தடவையில் திறந்துவிடுங்கள். அடியில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். இழுப்பறை எல்லாவற்றையும் அரிசி டப்பா வைத்து இழுத்துப் பாருங்கள். கை ஈரமில்லாமல் வந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.